சூ வெஸ்டர்ன் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது எப்படி

அமெரிக்காவில் வெள்ளைக் குடியேறிகளுக்கும் சூ என்கிற பழங்குடி மக்களுக்கும் நடந்த மோதலை வைத்து எடுத்த வெஸ்டர்ன் படங்களில் வசனம் குறைவு, குதிரைக் குளம்புச் சத்தம் அதிகம். சுலபமான வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் உட்காருகிறார்கள். சில படங்களில் பாதி வசனம் லகோட்டாவில், அதாவது சூ மக்களின் ஒரு கிளை பேசும் மொழியில் இருக்கும். ஆனால் நம் கைக்கு வருவது அதன் ஆங்கில வரி மட்டும். அதை அப்படியே தமிழாக்கினால் லகோட்டாவிலும் உண்டு, தமிழிலும் உண்டு, ஆங்கிலத்தில் மட்டும் இல்லை என்கிற சங்கதிகள் நடுவழியில் தொலைந்துபோகும். முறை சொல்லிக் கூப்பிடுவது அதில் ஒன்று, வினைச்சொல் கடைசியில் வருவது இன்னொன்று. ஆங்கில வரியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காது நடிகரின் குரலில் இருக்கட்டும்.

முதலில் ஆண்டையும் ஊரையும் பிடியுங்கள்

ஒரு வரி எழுதுவதற்கு முன் படத்தை முழுதாகப் பார்த்து, கதை நடக்கும் ஆண்டையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மினசோட்டா, 1862 என்றால் பேசுகிறவர்கள் சூ மக்களின் இன்னொரு கிளையான டகோட்டா. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். 1866 முதல் 1868 வரை, போஸ்மன் பாதை, ஃபில் கியர்னி கோட்டை என்று வந்தால் அது லகோட்டாத் தலைவர் ரெட் கிளவுட் நடத்திய போர். 1876 என்றால் ராணுவ அதிகாரி கஸ்டரின் படை தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் சண்டை. 1890 டிசம்பர் 29 என்றால் வூண்டட் நீ படுகொலை.

இது சரித்திரப் பாடத்துக்காக அல்ல. லகோட்டாவில் 'ல' வரும் இடத்தில் டகோட்டாவில் 'ட' வரும். லகோட்டா ஆண் தன் தோழனைக் 'கோலா' என்பான், டகோட்டா ஆண் 'கோடா' என்பான். ஆண்டு தெரிந்தால் எதைக் கேட்கிறோம் என்பது தெரியும். அப்புறம், அந்தக் 'கோலா'வைத் தமிழ் எழுத்தில் அப்படியே போடாதீர்கள். குளிர்பானம் ஞாபகம் வந்து தியேட்டரே சிரிக்கும். 'கூட்டாளி', 'தோழா' போதும்.

சொல் பட்டியல்

அடுத்த வேலை, திரும்பத் திரும்ப வரப்போகும் நாற்பது, ஐம்பது சொற்களுக்கு ஒரு பட்டியல். முதல் நாளே உட்கார்ந்து முடிவு செய்யாவிட்டால் ஒரே சொல் பத்தாவது நிமிஷத்தில் ஒரு மாதிரியும் தொண்ணூறாவது நிமிஷத்தில் இன்னொரு மாதிரியும் வந்து நிற்கும். அதிகம் சறுக்குகிற இடங்கள் இவை.

ரிசர்வேஷன். இதை 'இட ஒதுக்கீடு' என்று எழுதியவர்கள் உண்டு. நம் வாசகருக்கு அது கல்வி, வேலைவாய்ப்பு விவகாரம். 'ரிசர்வேஷன்' என்றே விட்டால் ரயில் டிக்கெட். 'ஒதுக்கு நிலம்' என்று எழுதுங்கள். அவர்களை அங்கே ஒதுக்கி வைத்தார்கள் என்பதும் அதில் வந்துவிடுகிறது. அதை நிர்வகிக்கும் அரசு அலுவலகம் 'ஏஜென்சி', அதிகாரி 'ஏஜென்ட்'. ரேஷன் மாட்டிறைச்சியும் மாவும் அங்கேதான் கிடைக்கும். இந்த இரண்டையும் தமிழாக்க முயன்றால் 'முகவர்' வந்து இன்ஷூரன்ஸ் வாடை அடிக்கும். அப்படியே விடுங்கள்.

க்ரோ. இது சூ மக்களோடு பகையாக இருந்த இன்னொரு இனம். கஸ்டருக்கு வேவு பார்த்தவர்களில் இவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து காட்டிக்கொடுக்கும். தமிழில் பெரிய எழுத்து ஏது? 'க்ரோ இனத்தார்' என்று சேர்த்து எழுதாவிட்டால், எந்திர மொழிபெயர்ப்பு "மலைக்குப் பின்னால் காக்கைகள் வருகின்றன" என்று போட்டுவிட்டுப் போய்விடும். 'பிளாக்ஃபீட்' என்பதும் பொறிதான். லகோட்டாவின் ஏழு பிரிவுகளில் ஒன்றான சிஹாசாபாவுக்கும் அதே ஆங்கிலப் பெயர் உண்டு. மொன்டானாவின் பிளாக்ஃபீட் வேறு இனம். பேசுவது யாரைப் பற்றி என்று பார்த்து, லகோட்டாப் பிரிவு என்றால் 'சிஹாசாபா' என்றே எழுதுங்கள்.

சூ. இந்தச் சொல்லைத் தனியாக நிறுத்தாதீர்கள். தமிழ்க் காதுக்கு அது நாயை ஏவிவிடும் சத்தம். 'சூ மக்கள்', 'சூ இனம்' என்று எப்போதும் துணையோடு வரட்டும். அதோடு, இது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. ஒஜிப்வே மொழிச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் சுருக்கிச் சொன்னது. ஆகவே ராணுவத்தானும் குடியேறியும் 'சூ' என்பார்கள், லகோட்டாக்காரர் வாயில் 'லகோட்டா', 'நம்ம ஜனம்' வரும். 'செவ்விந்தியன்' என்ற சொல்லையும் இப்படியே பிரித்துக் கொடுங்கள். வெள்ளையர் வசனத்தில் அது இருக்கட்டும், அந்தக் காலத்தின் வாடை வேண்டும். மற்றவர் வாயில் வேண்டாம். எதிர்ப்பக்கம் 'வஷிச்சு' என்று கேட்டால் நமக்குக் கைவசம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: வெள்ளைக்காரன். இருநூறு வருஷம் நாம் எந்தக் குரலில் சொன்னோமோ அதே குரல்.

காட்டெருது. ஆங்கில வரியில் 'பஃபலோ' என்று வருவது. லகோட்டாவில் தட்டாங்கா என்பது ஆண், ப்தே என்பது பசு. 'எருமை' என்று எழுதினால் புனிதமான வேட்டைக் காட்சியில் வகுப்பறைத் திட்டு கேட்கும். 'காட்டெருது' நல்லது, மந்தையைச் சொல்லும்போது 'காட்டு மாடுகள்'.

மீதியை வேகமாக: 'கம்பெனி' படைப்பிரிவு, நிறுவனம் அல்ல. 'போஸ்ட்' ராணுவ முகாம், தபால் அல்ல. 'வேகன் ட்ரெயின்' வண்டித் தொடர். 'சார்ஜ்' என்று கத்தினால் 'பாயுங்க!'. 'பீஸ் பைப்' என்பதற்குக் 'குழாய்' போட்டால் தண்ணீர் வரும், 'புகைக்குழல்' போடுங்கள். 'ஹோகாஹே' என்பது 'வா, போகலாம்!' என்கிற உசுப்பல். சாவதற்கு நல்ல நாள் என்று அதற்கு அர்த்தம் ஏற்றியது வேறு யாரோ. ஆங்கில வரியில் அப்படி இருந்தாலும் நடிகர் அந்த ஒரு சொல்லை மட்டும்தான் சொல்கிறார் என்றால் 'கிளம்புங்கடா!' போதும்.

பெயர்கள்

லகோட்டாப் பெயர்களுக்குப் பொருள் உண்டு, ஆங்கிலம் அந்தப் பொருளையே பெயராக்கிவிட்டது. தமிழில் என்ன செய்வது? வரலாற்றில் இருந்தவர் என்றால் ஆங்கிலப் பெயரின் ஒலிபெயர்ப்பு: சிட்டிங் புல், கிரேசி ஹார்ஸ், ரெட் கிளவுட். வாசகர் பின்னால் தேடினால் கிடைக்க வேண்டுமே. லகோட்டாவில் கூப்பிடும் இடத்தில் அந்தப் பெயரே ஒலிக்கட்டும்: தட்டாங்கா இயோட்டகே, தஷுங்கே விட்கோ, மஹ்பியா லூட்டா. பொருளே கதையாக இருக்கிற கற்பனைப் பாத்திரம் என்றால் மட்டும் தமிழாக்குங்கள்.

தமிழாக்கும்போது ஆங்கிலத்தை நம்பக் கூடாது என்பதற்கு ஒரு பெயர் போதும். லகோட்டாவின் ஓக்லாலாப் பிரிவுத் தலைவர் ஒருவரை ஆங்கிலத்தில் 'தன் குதிரைகளைக் கண்டு பயப்படும் மனிதன்' என்ற பொருளில் எழுதிவைத்தார்கள். கோழை மாதிரி இருக்கிறது. லகோட்டாவில் அவர் தஷுங்கே கோகிபாபி: 'அவருடைய குதிரையைக் கண்டாலே அவர்கள் நடுங்குவார்கள்'. பயப்படுகிறவர்கள் எதிரிகள். பொருள் தலைகீழ்.

இடப்பெயரில் இரண்டு பெயர்களையும் வைத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தான் 'பிளாக் ஹில்ஸ்' என்பான், லகோட்டாக்காரர் 'பஹா சாபா' என்பார். ராணுவத்தானுக்கு 'லிட்டில் பிக்ஹார்ன்', இவர்களுக்குப் 'பசும்புல் ஆறு' மாதிரியான ஒரு பெயர் (ஆங்கிலத்தில் 'கிரீஸி கிராஸ்' என்பார்கள், அதை 'எண்ணெய்ப் புல்' ஆக்கிவிடாதீர்கள்). ஒரே பெயராக்கிச் சமன் செய்தால் சண்டையின் காரணமே மறைந்துபோகும். 1868 லாரமி கோட்டை ஒப்பந்தம் பஹா சாபாவை சூ மக்களுக்கே என்று எழுதிக் கொடுத்தது. 1874-இல் கஸ்டரின் படை உள்ளே போய்த் தங்கம் இருக்கிறது என்றது. 1877-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. பணம் வேண்டாம், மலையைக் கொடு என்று சூ மக்கள் அதை இன்றுவரை வாங்கவில்லை.

முறை வைத்துக் கூப்பிடுவது

இந்த வேலையில் தமிழனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் இதுதான். லகோட்டாவில் அப்பாவை அழைக்கும் சொல்லாலேயே அப்பாவின் சகோதரனையும் அழைப்பார்கள். அம்மாவின் சகோதரியும் அம்மாதான். ஆனால் அம்மாவின் சகோதரனுக்குத் தனிச் சொல், அப்பாவின் சகோதரிக்குத் தனிச் சொல். சித்தப்பா வேறு, மாமா வேறு. சின்னம்மா வேறு, அத்தை வேறு. ஆங்கிலம் எல்லோரையும் இரண்டு சொல்லில் அடக்கிவிடும். அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிச் சொல் உண்டு. அக்காவை ஆண் ஒரு சொல்லாலும் பெண் இன்னொரு சொல்லாலும் அழைப்பார்கள். அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட உறவுமுறை அட்டவணைகளில் தமிழ் முறைப்பெயர்களையும் வட அமெரிக்கப் பழங்குடியான செனகா இனத்தாரின் முறைப்பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். டகோட்டாவும் அந்த அட்டவணைகளில் இருந்தது. வேறெந்தப் படத்துக்கும் கிடைக்காத வசதி இது.

செய்ய வேண்டியது: பாத்திரங்களுக்கு ஒரு வம்சப் படம் வரையுங்கள். யார் யாருக்குத் தாய்வழி, தந்தைவழி என்று குறியுங்கள். பிறகு குரலைக் கேளுங்கள். 'லெக்ஷி' என்று கேட்டால் மாமா. 'அத்தே' என்று கேட்டால் அப்பா அல்லது பெரியப்பா, சித்தப்பா. ஆம், 'அத்தே' என்று கேட்டுவிட்டு அத்தை என்று எழுதினால் தாடை இறுகிய ஒரு போர்வீரர் அத்தையாகிவிடுவார். 'சியே' என்றால் அண்ணா, 'மிசுன்' என்றால் தம்பி. அத்தை மகன், மாமன் மகன் என்ற முறை 'தன்ஹான்ஷி'. ஆண் ஆணைக் கூப்பிடும்போது இதற்கு 'மச்சான்' அழகாக உட்காரும், கேலி பேசும் உரிமை உட்பட. ஆனால் அதே வீட்டுப் பெண்ணை 'முறைப்பெண்' ஆக்காதீர்கள். லகோட்டாவில் அந்த முறையில் கல்யாணம் கிடையாது. ஒற்றுமை இங்கே முடிகிறது.

மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாமல் முகம் திருப்பினால் அது கோபமல்ல, மரியாதை. வசனத்தில் சிடுசிடுப்பு சேர்க்க வேண்டாம்.

ஒரு பெரிய பள்ளம்: அமெரிக்க ஜனாதிபதியை ஆங்கில வரிகள் 'பெரிய தகப்பன்' என்ற பொருள்படக் குறிப்பிடும். அதைச் சேர்த்து எழுதினால் 'பெரியப்பா'. வாஷிங்டனில் இருக்கும் பெரியப்பா நமக்கு ரேஷன் அனுப்புவார் என்று சப்டைட்டில் வந்தால் படம் முடிந்தது. லகோட்டாவில் அங்கே கேட்பது 'துன்காஷிலா', அதாவது தாத்தா. கடவுளையும் அப்படியே அழைப்பார்கள். 'வாஷிங்டன் பாட்டனார்' என்று எழுதுங்கள்.

நாம், நாங்கள், அவன், அவர்

ஆங்கிலம் சொல்லாமல் விடுகிற இரண்டு முடிவுகளைத் தமிழ் ஒவ்வொரு வரியிலும் கேட்கும்.

1866 ஜூன், லாரமி கோட்டையில் பேச்சுவார்த்தை. போஸ்மன் பாதைக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பாதையில் கோட்டை கட்ட கர்னல் கேரிங்டன் படையோடு வந்து நிற்கிறார். ரெட் கிளவுட் எழுந்து போகிறார். இப்படியொரு காட்சிக்கு எழுதுகிறீர்கள் என்றால், பேச வந்த அரசுத் தரப்பு கமிஷனரின் வாயில் 'நாம் சமாதானமாக வாழ்வோம்', அடுத்த வரியில் 'எங்களுக்கு ஒரு பாதை வேண்டும்'. 'நாம்' எங்கே 'நாங்கள்' ஆகிறது என்பதிலேயே ஏமாற்று தெரிந்துவிடும். தலைவர் பதில் சொல்லும்போது ஒரு தடவைகூட 'நாம்' வராமல் பாருங்கள். படம் முழுக்க ஒவ்வொரு தன்மைப் பன்மையையும் இப்படித் தனியாக ஒரு சுற்று சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் எழுதும்போது கை தானாக 'நாம்' போட்டுவிடும்.

மரியாதையும் அப்படித்தான். அதிகாரி நேரில் 'நீங்கள்' என்றும் கூடாரத்துக்குத் திரும்பியதும் 'அவன்' என்றும் பேசலாம். லகோட்டாக்காரர்கள் தங்களுக்குள் பேசும்போது பெரியவருக்கு 'அவர்'. பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட முறை சொல்லி அழைப்பதே அவர்கள் வழக்கம். அதைத் தக்கவைத்தால் 'நீ', 'நீங்கள்' குழப்பம் பாதி தீரும். அவர்கள் தங்களுக்குள் பேசும் தமிழ் சரளமாக இருக்க வேண்டும். பழைய டப்பிங் பாணியில் 'நான் போறது, வெள்ளைக்காரன் கெட்டது' என்று உடைந்த தமிழ் எழுதினால், தாய்மொழியில் பேசுகிற மனிதரைத் திக்குவாயாக்குகிறோம். சங்கத் தமிழும் வேண்டாம்.

கஸ்டரை 'ஜெனரல்' என்று ஒருவர் அழைத்தால் திருத்த வேண்டாம். 1876-இல் அவர் லெப்டினன்ட் கர்னல்தான். உள்நாட்டுப் போரில் கிடைத்த கௌரவப் பதவியை வைத்துக் கடைசிவரை அப்படித்தான் அழைத்தார்கள். பொதுவாகவே, படத்தின் பிழையைச் சப்டைட்டிலில் திருத்துவது நம் வேலை அல்ல.

தலைவர்கள் 'பேனாவைத் தொட்டேன்' என்று சொல்வார்கள். எழுத்தர் பெருக்கல் குறி போடுவார், தலைவர் பேனாவைத் தொடுவார், அதுவே சம்மதம். 'கையெழுத்து போட்டேன்' என்றால் தப்பு, 'கைநாட்டு' என்றால் இழிவு. உள்ளபடி எழுதுங்கள்.

லகோட்டா தெரியாமல் லகோட்டாவைக் கேட்பது

வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. லகோட்டாவும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. முடிவில் 'ஷ்னி' கேட்டால் எதிர்மறை, நம் 'இல்லை' மாதிரி. 'ஹே' என்று முடிந்தால் கேள்வி, நம் 'ஆ' விகுதி போல. 'யெலோ' என்றால் ஆண் அடித்துச் சொல்கிறான். பெண் அதே இடத்தில் 'க்ஷ்டோ' என்பாள். ஆண் கட்டளையிட்டால் 'யோ', பெண் சொன்னால் 'யே'. 1990-இல் வந்த 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' படத்தில் ஆண் நடிகர்கள் பல இடங்களில் பெண்பேச்சு விகுதியில் பேசுகிறார்கள் என்று லகோட்டா மொழி அறிந்தவர்கள் குறை சொன்னதுண்டு. அப்படி ஒரு காட்சி வந்தால் குழம்ப வேண்டாம், பேசுகிறவர் யார் என்று திரையைப் பாருங்கள்.

இதில் நேரடியான லாபம் ஒன்று. நீள வாக்கியத்தை நடிகர் நடுவில் நிறுத்திச் சொல்கிறார். ஆங்கில வரி வினையை முன்னாலேயே போட்டு முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. தமிழில் 'புல் துளிர்க்கும்போது…' என்று முதல் சப்டைட்டில், நிறுத்தத்துக்குப் பின் '…திரும்பி வருவாங்க' என்று இரண்டாவது. முகமும் வரியும் ஒரே நேரத்தில் முடியும்.

காலக் கணக்கும் நமக்கு வாகானது. அவர்கள் ஆண்டைக் குளிர்காலத்தால் எண்ணுவார்கள்: 'மூணு பனிக்காலம் ஆச்சு'. மாதத்தை நிலவால் சொல்வார்கள். நமக்குத் 'திங்கள்' இரண்டுக்கும் பொது. 'கருஞ்செர்ரி பழுக்கும் திங்கள்' என்று எழுதினால் அடிக்குறிப்பு தேவையில்லை.

நேரமும் எழுத்தும்

ஒரு சப்டைட்டில் குறைந்தது 1 விநாடி, அதிகபட்சம் 7 விநாடி. இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். அடுத்தடுத்த சப்டைட்டிலுக்கு இடையில் 2 ஃபிரேம் இடைவெளி. 24 ஃபிரேம் படத்தில் அது சுமார் 83 மில்லி விநாடி.

வாசிப்பு வேகம் காட்டும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 'குதிரைக்காரன்' நமக்கு 7 எழுத்து. கணினிக்கு 13, ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. மென்பொருள் சிவப்புக் காட்டினாலும் வரி வசதியாகப் படிக்கக்கூடியதாக இருக்கலாம். நம் எழுத்துக் கணக்கில் விநாடிக்கு 12, வரிக்கு 24 என்று வைத்துக்கொண்டால் தவறாது. போர்க் காட்சியில் இதையும் குறையுங்கள். அம்பு பறக்கும்போது யாரும் படிப்பதில்லை.

லகோட்டா வசனத்துக்கு ஆங்கில வரி படத்திலேயே பதிந்திருக்கும். நம் வரி அதன் மேல் விழுந்தால் இரண்டையும் படிக்க முடியாது. அந்த வரிகளை மட்டும் திரையின் மேற்பக்கம் நிறுத்துங்கள். சப்டைட்டில் எடிட், ஏஜிசப் ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் வரிக்கு வரி இடம் மாற்ற வழி உண்டு.

கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். பழைய ஏஎன்எஸ்ஐ முறையில் சேமித்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பி வராது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வரிகளை ஒட்டினால் படத்தில் ஆங்கிலக் குப்பை தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கும்போது 'கொ' உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால் குற்றம் கோப்பில் இல்லை, அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. அங்கே வரிகளைப் படத்தோடு பதித்துக் கொடுப்பதுதான் வழி.

சப்டைட்டில் ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃபிரேம் வேகம் பொருந்தவில்லை. 23.976-க்கு எழுதியதை 25-இல் ஓடும் படத்தில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிஷம் பிசகும். எல்லா வரியையும் முன்னே பின்னே நகர்த்திப் பயனில்லை. ஃபிரேம் வேகத்தை மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஆரம்பம் முதல் ஒரே அளவு விலகல் இருந்தால் மட்டும் நகர்த்தினால் போதும்.

கடைசிச் சுற்றில் ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். எந்த வரி யாருடையது என்று தெரியாமல் நின்றால் அங்கே முறைப்பெயர் ஒன்றைச் சேர்க்க இடமிருக்கிறது. பிறகு படத்தை மூடிவிட்டு வெறும் வரிகளில் 'பெரியப்பா', 'காக்கை', 'நிறுவனம்', 'இட ஒதுக்கீடு', 'எருமை' ஆகிய ஐந்தையும் தேடுங்கள். பெரியப்பா நிஜமாகவே பெரியப்பாவாக இருந்தால் விட்டுவிடலாம்.